பதினாறடிக் குழல்

ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கு வெட்டர்லைன் என்று பேர்.
எங்கள் வாய்க்குள் போய் வெளியே வரும்போது
வெட்டுலிங்கம் ஆகிவிட்டார்.
"சபைக்குள்ளே லிங்கமா?" என்று
மாசிலாமணி உபதேசியார் மூன்று வாரம் முகம் சுளித்தார்.
கூப்பிட்டால் மனுஷன் திரும்பிப் பார்த்தார், அது போதாதா.

தூத்துக்குடியில் தோணிக்கு மாற்றும்போது
ஒரு பெட்டி கடலோடு போயிற்று.
மற்றதெல்லாம் ஏழு வண்டியில்
தேரி மணலில் சக்கரம் புதையப் புதைய
மூன்று ராத்திரி நடந்து ஆறுதல்புரம் வந்தது.
வைக்கோலைப் பிரித்தால்
சுண்டுவிரல் மாதிரி ஈயக்குழல், முழங்கை நீளக் குழல்,
ஆள் உயரக் குழல்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
எல்லாவற்றிலும் பெரியது, பதினாறு அடி,
அதுதான் மீனுக்கு ஊதப் போயிருக்கிறது.

"குரல் இருக்கு, வயிறு இல்லை" என்றார்.

அவர் தமிழ் அப்படித்தான்.
ஒருநாள் பனியைச் சொல்ல வந்து,
"எங்கள் ஊரில் ராத்திரி முழுக்கப் பனை விழும்,
சத்தமே கேட்காது" என்றார்.
ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

விடியுமுன் விளைக்குள் இறங்கினார்.
ஒவ்வொரு பனையையும் விரல் கணுவால் தட்டி,
காதை வைத்துக் கொஞ்சம் நின்று,
தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.
மேலே பாளை சீவிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்:
"உள்ளே யாரு இருக்கா, கதவைத் தட்டுதீரு?"
நாற்பத்தோராவது மரத்தில்
காதை எடுக்கவே இல்லை.

அது சந்தோஷம் விழுந்த பனை.
அந்தப் பேரை நான் சொல்வதில்லை, ஊர் சொல்கிறது.
இரண்டு வருஷமாக யாரும் அதில் ஏறவில்லை.

கோலப்ப ஆசாரி தண்டை இரண்டாய்ப் பிளந்து
சோற்றைச் சுரண்டி எடுத்தார்.
தண்ணீர் ஓடக் குடைவதுண்டு,
காற்று ஓடக் குடைந்தது அதுதான் முதல்.
சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துப் பொருத்தை அடைத்து
இரும்புப் பட்டை போட்டு நிறுத்தினார்கள்.
வெட்டுலிங்கம் அதற்கு வாய் வெட்டினார்.
ஊதிப் பார்த்து ஒரு சீவல், ஊதிப் பார்த்து ஒரு சீவல்.
பாளை சீவுகிற கை அது.
ஒரு நூல் அதிகம் போனால் எல்லாம் போச்சு என்று தெரிந்த கை.

துருத்தி மிதிக்க ஆள் தேடினார்கள்.
பங்குனி மாசம், ஆம்பிளைகள் எல்லாம் மரத்தில்.
ஆராதனைக்கு இரண்டணா என்று என்னை வைத்தார்கள்.
முன்னால் துரைசானி, திரைக்குப் பின்னால் நான்.
விரல் அவளுடையது. மூச்சு நான்.

பிரதிஷ்டை அன்றைக்கு
முதல் பாட்டு முடிந்து ஐயர் பிரசங்கத்துக்கு ஏறினார்.
துரைசானி கையை எடுத்தாள். பனை எடுக்கவில்லை.
கருப்பட்டிக்கு வந்த எறும்புகள்
உள்ளே மூடியின் விளிம்பில் கூடி ஒட்டிக்கொள்ள,
மூடி மூடாமல் நின்றது.
காதில் கேட்கிற சத்தமில்லை அது.
பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்
பாய்க்கு அடியில் தடவிப் பார்த்தார்கள்.

ஐயர் கையை அமர்த்திக் காட்டினார்.
காலை எடுத்தால் நின்றுவிடும், அவ்வளவுதான்.

எடுக்கவில்லை.

உபதேசியார் திரைக்குள் தலையை நீட்டி
"ஏட்டி, கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றார்.
மிதித்தேன்.
வெட்டுலிங்கம் வந்தார். முழங்கையில் இன்னும் சுண்ணாம்பு.
குழலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.
யாராவது அவரிடம் சொல்லியிருந்தார்களோ என்னவோ.
ஒன்றும் பேசாமல் குழலில் காதை வைத்தார்,
அன்றைக்கு விளையில் வைத்த மாதிரி.

அவர் காதை எடுக்கும்வரை மிதித்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
சபைக் கணக்கில் எழுதியதை வாசித்துச் சொன்னார்கள்:
துருத்திக்காரி பாக்கியத்தாய், கூலி இரண்டணா.
ஒழுங்கீனத்துக்குப் பிடித்தம் அரையணா.
எறும்புக்கு மஞ்சள்பொடி, காலணா.